முதுகைக் காத்தல்

சங்கப் புறப்பாடல்களில் பகை பெரும்பாலும் எதிரிலிருந்தே வருகிறது. வேல் மார்பை நோக்கி வருகிறது. வீரன் மார்பை ஏந்தி நிற்கிறான். வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளிப்பட, அதனால் உண்டான முதுகுப் புண்ணுக்கே நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். மகன் புறமுதுகிட்டு மாண்டான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதியவள் ஒருத்தி, அது மெய்யானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களம் புகுந்ததைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். வள்ளுவரோ இன்னும் ஒரு படி மேலே போய், பாய்ந்து வரும் வேலைக் கண்டு கண் இமைத்தாலே அது தோல்விதான் என்கிறார். ஆண்டுதோறும் இவற்றை வகுப்பில் நடத்துகிற நமக்கு ஓர் ஐயம் நெடுநாளாக உண்டு. முதுகைப் பற்றி இத்தனை நாணம் கொண்ட ஒரு மரபு, முதுகைக் காப்பது எப்படி என்று எங்கேனும் கற்றுக்கொடுத்ததா? பகைவன் பின்னாலிருந்து வரும்போது, அல்லது நான்கு பேர் நான்கு திசையிலிருந்து வரும்போது, மார்பு காட்டி நிற்பதில் பொருள் என்ன?

இக்கேள்வி நம்மிடம் வலுப்பட்டதற்கு நாம் வாழும் நிலமும் ஒரு காரணம். சேலம், நாமக்கல் சமவெளி என்பது மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு தட்டு. வடக்கே சேர்வராயன் மலை, தென்மேற்கே கஞ்சமலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் வளைந்தோடும் காவிரி. பார்ப்பதற்கு அரணான நிலம் போலத் தோன்றும். உண்மையில் இது வழிகளால் ஆன நிலம். தொப்பூர்க் கணவாய் வழியாகத் தகடூர்ப் பக்கத்திலிருந்து இறங்கலாம். ஆத்தூர் வழியாகக் கீழை நாட்டிலிருந்து நுழையலாம். காவேரிபுரம் வழியாக மைசூரிலிருந்து வரலாம். ஆற்றைக் கடந்து கொங்கிலிருந்தும் வரலாம். சேரர், அதியர், பல்லவர், சோழர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார், கும்பினியார் என இத்தனை பேரும் இந்தத் தட்டில் கால் பதித்தவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள் அல்லர். இங்கே ஊர்க்காவல் செய்தவனுக்கு ‘எதிர்’ என்று ஒரு திசை மட்டும் இருந்திருக்க முடியாது.

இந்த மண்ணின் மிகப் புகழ்பெற்ற படைக்கலப் பாடல் வல்வில் ஓரியைப் பற்றியது. கொல்லிமலையை ஆண்ட ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியது என்று வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் சொல்கிறார். வியப்புக்குரிய வில்லாண்மைதான். ஆயினும் ஐந்து விலங்கும் ஒரே நேர்க்கோட்டில் நின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை. அந்த ஓரியே பின்னர்த் திருக்கோவலூர்க் காரியின் கையால் மாண்டான். கொல்லிமலை சேரனுக்குப் போயிற்று. காரி வந்த திசையில் ஓரியின் வில் இருந்ததா என்பதைப் பாடல்கள் சொல்லவில்லை.

புலவர்கள் சொல்லாததை இலக்கணம் சொல்கிறது என்பதுதான் சுவையான செய்தி. தொல்காப்பியத்தின் தும்பைத் திணைத் துறைகளை வரிசையாகப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய துறைகள் அவற்றுள் மூன்று உண்டு. தன் வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்ட வேளையில், முன்னே போய்விட்ட வீரன் ஒருவன் திரும்பி வந்து அவர்களைத் தாக்குவது தார்நிலை. தன் படை உடைந்து ஓடும்போது பின்னணியில், அதாவது கூழையில், ஒருவன் தனியே நின்று துரத்தி வருவோரைத் தாங்குவது இன்னொன்று. புறப்பொருள் வெண்பாமாலை இதனை எருமை மறம் என்கிறது. மூன்றாவது மிகக் கொடியது. அம்பும் வேலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து மொய்த்ததால், உயிர் போன பின்பும் உடல் நிலத்தைத் தொடாமல் அவற்றின் மேலேயே நிற்கும் நிலை. சூழப்படுதல் என்றால் என்ன என்பதை இலக்கணி நன்றாகவே அறிந்திருக்கிறார். திரும்பி வருதல், பின்னணியைத் தாங்குதல், எண்திசையிலிருந்தும் தாக்கப்படுதல் ஆகிய மூன்றையும் அவர் துறைகளாக வகுத்திருக்கிறார். புகழ் பாட வந்த புலவர்களுக்குத்தான் மார்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

இவ்வட்டாரத்திலிருந்து வடக்கே தருமபுரி, செங்கம் வரையுள்ள பகுதி நடுகற்களுக்குப் பேர்பெற்றது. அக்கற்களில் பேசப்படும் போர் பெரும்பாலும் அரசர்களின் போரன்று. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு ஊரார் போட்ட சண்டை. ‘தொறு’ என்று கல்வெட்டு சொல்லும் அந்த மந்தையை மீட்கும்போது விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். மந்தை மேயும் இடம் திறந்த வெளி. கள்வர் எந்தப் புதரிலிருந்தும் வரலாம். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனின் அருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் ஓர் எழுத்துப் பொறிப்பு உண்டு. ஒருவனுக்கு இரண்டு கண்கள், அவையும் ஒரே பக்கம் பார்ப்பவை, மறுபக்கத்துக்கு நாய். நம் இலக்கியத்தில் முதுகைக் காத்தவர்களுக்கான பாராட்டைத் தேடினால் இந்தக் கல்லில்தான் அது கிடைக்கிறது.

இனி பயிற்சிக்கு வருவோம். பல திசைப் பகையை ஒருவனே எதிர்கொள்ளும் முறையைத் தமிழர் கற்றதும் கற்பித்ததும் சிலம்பத்தில்தான். சிலம்பத்தில் ‘வீடு கட்டுதல்’ என்று ஒரு சொல் உண்டு. இன்று அது பேச்சு வழக்கில் ஒருவனை அடித்து நொறுக்குவதற்கான கேலிச்சொல்லாகிவிட்டது. பயிற்சிக் களத்தில் அதன் பொருள் வேறு. ஆடுபவன் கால் மாற்றிக் கால் மாற்றி நான்கு புறமும் திரும்பி, கம்பை முன்னும் பின்னும் சுழற்றி, தன்னைச் சுற்றி யாரும் நுழைய முடியாத ஓர் எல்லையை உண்டாக்குவதுதான் வீடு கட்டுதல். நெற்றி அளவுக்கு உயர்ந்த ஒரு மூங்கில் கம்பு, தரையில் சுவடு வைக்கும் இரண்டு கால்கள், இவையே அந்த வீட்டின் சுவர்கள். கைவீச்சைக் காட்டிலும் காலடிக்கே ஆசான்கள் அதிக நாள் செலவிடுகிறார்கள். கண் முதலில் திரும்ப வேண்டும், பிறகு கால், கம்பு கடைசியில்தான். கம்பை முதலில் திருப்புகிறவன் தன் கம்பிலேயே தன் தோளை அடித்துக்கொள்வான். ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும்போது, அவன் பார்க்காத திசை என்று ஒன்று இருக்கக் கூடாது.

கம்புக்கு இது கைகூடியது, துப்பாக்கிக்குக் கைகூடவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இச்சமவெளியில் புழங்கியவை திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளும், பின்னர்ச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளும். மருந்தை வாய்வழியே கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, மீண்டும் குறிபார்க்க வேண்டும். நன்கு பழகிய சிப்பாயால் சக்கிமுக்கித் துப்பாக்கியில் நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தால் அதுவே பெரிது. திரித் துப்பாக்கி அதனினும் மந்தம். ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவன் வெறுங்கையன். எனவே துப்பாக்கி வந்த பிறகு, பல திசையையும் ஒருவனே காப்பது என்பது இயலாததாகிவிட்டது. திசைகளை ஆட்களுக்குள் பங்கிட வேண்டியதாயிற்று. அந்தப் பங்கீட்டைச் செய்த கருவிதான் கோட்டைச் சுவர்.

நாமக்கல் மலைக்கோட்டையைப் பார்க்காத வாசகர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். ஊருக்கு நடுவே சுமார் 75 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை. அடிவாரத்தில் அதியர் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள். உச்சியில் சுமார் ஒன்றரை ஏக்கரில் கோட்டை. சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பது பெருவழக்கு. மைசூர் அதிகாரி ஒருவர் கட்டியது என்பாரும் உளர். மதில் பாறையின் விளிம்பையே ஒட்டி வளைந்து செல்கிறது. சுவரிலுள்ள துளை ஒன்றின் அருகே கண்ணை வைத்துப் பார்த்தால், ஊரின் ஒரு கீற்று மட்டும் தெரியும். ஒரு தெரு, ஒரு கூரை, குளத்தின் ஒரு மூலை. அதற்கு மேல் தெரியாது. அடுத்த கீற்றைப் பார்க்க அடுத்த துளைக்குப் போக வேண்டும். அங்கே வேறொருவன் நின்றிருப்பான். பழந்தமிழ் இதற்கு அழகான பெயர்களை வைத்திருந்தது. மறைந்து நின்று அம்பு எய்யும் மதில் உறுப்பு ஞாயில். எய்யும் துளை ஏப்புழை. அம்புக்கு ஏற்பட்ட சொற்கள் துப்பாக்கிக்கும் அப்படியே பொருந்துகின்றன. நேர்ச் சுவரில் நிற்பவனால் தன் காலடியிலேயே ஒட்டி நிற்கும் பகைவனைச் சுட முடியாது. அதற்காகத்தான் மதிலிலிருந்து புடைத்து நிற்கும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்துக்காரன் அடுத்த கொத்தளத்தின் அடியைக் காக்கிறான். அவன் அடியை மற்றவன் காக்கிறான். தன் முதுகைத் தானே காத்த சிலம்பக்காரனுக்குப் பதிலாக, ஒருவர் முதுகை ஒருவர் காக்கும் ஏற்பாடு.

அரண் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், காக்க வேண்டிய இடம் சிறியதாகவும் உள்ளிடம் பரந்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறார். நாமக்கல் கோட்டை பாதித் தேர்வில்தான் தேறும். ஏறும் வழி குறுகலானது, காவல் எளிது. ஆனால் உள்ளிடமும் குறுகல்தான். சில நூறு பேர் சில வாரங்கள் இருக்கலாம். இக்குறையை 1768ஆம் ஆண்டு நன்றாக வெளிச்சமிட்டது.

முதல் மைசூர்ப் போரின்போது, அவ்வாண்டில் கும்பினியின் கர்னல் வுட் சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு எனக் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போனார். பெரிய எதிர்ப்பில்லை. பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு சிறு காவற்படையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். வரைபடத்தில் பார்த்தால் எல்லாக் கணவாய்களும், எல்லாத் திசைகளும் காக்கப்பட்டுவிட்டன. அவ்வாண்டின் இறுதியில் ஐதர் அலி திரும்பி வந்தபோது, அந்தச் சிறு படைகள் ஒன்றையொன்று காக்க இயலாத தொலைவில் இருந்தன. சில வாரங்களுக்குள் கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கைக்குப் போயின. எல்லாத் திசையையும் காக்கப் போய் எந்தத் திசையையும் காக்காமல் விட்ட கதை. ஐதர் அத்தோடு நிற்கவில்லை. கும்பினியின் பெரும்படையைத் தெற்கே போக்குக் காட்டி இழுத்துவிட்டு, தம் குதிரைப்படையோடு விரைந்து சென்னையின் வாசலில் போய் நின்றார். 1769இல் உடன்படிக்கை அவர் விருப்பப்படியே முடிந்தது. பகைவன் பார்க்காத திசை எது என்பதை ஐதரைப் போல் அறிந்தவர் அந்நாளில் இம்மண்ணில் வேறெவரும் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஐரோப்பியர்கள் இதற்கு வைத்திருந்த மருந்து சதுர வியூகம். காலாட்படை நான்கு வரிசையாக, நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்கும். நடுவே அதிகாரிகளும் மருந்து வண்டிகளும். 1815இல் வாட்டர்லூவில் பிரெஞ்சுக் குதிரைப்படை மோதி மோதிச் சலித்தது இத்தகைய சதுரங்களில்தான். ஆனால் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை திப்புவாலும் ஐதராலும் சூழப்பட்டபோது, வெடிமருந்து வண்டிகள் உள்ளேயே வெடித்துச் சிதறின. நான்கு பக்கமும் காவல் இருந்தது, வெடித்தது நடுவில். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அக்காட்சி பெரிய ஓவியமாக இன்றும் இருக்கிறது.

நடுவிலிருந்து வரும் கேடு என்றதும் இவ்வட்டாரத்தார் நினைவுக்கு வருபவர் தீரன் சின்னமலை. 1756இல் காங்கேயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் பிறந்தவர். சிலம்பம் முதலான போர்க்கலைகளில் தேர்ந்தவர். 1799இல் திப்பு வீழ்ந்த பின் ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு 1801 முதல் 1804 வரை காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கும்பினிப் படையை எதிர்த்தவர். களத்தில் அவரை வளைக்க முடியவில்லை. கடைசியில் சமையற்காரன் காட்டிக்கொடுத்ததால், உணவு உண்ணும் வேளையில் உடன்பிறந்தாரோடு பிடிபட்டார் என்பது கொங்கு நாட்டு மரபு. எல்லாப் பக்கமும் காவல் வைத்தவருக்கு அடுக்களைப் பக்கம் காவல் இல்லை. வள்ளுவர் உட்பகைக்குத் தனி அதிகாரமே வைத்தது சும்மா அன்று. 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்டார். வாயில் வாயிலாக ஏறிச்செல்ல வேண்டிய அந்த மலைக்கோட்டை, யாரையும் உள்ளே விடாமல் காப்பதற்காகக் கட்டப்பட்டது. கும்பினியார் கையில் அது யாரையும் வெளியே விடாமல் காத்தது.

அதற்கு முன்பே பெரிய மாற்றம் தொடங்கிவிட்டது. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பினிக்கு வந்தன; அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். தெற்கே மருது சகோதரர்களின் எழுச்சி அடக்கப்பட்ட கையோடு, 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிக்கையை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாடிகாவல் என்னும் பழைய ஊர்க்காவல் முறை அதிகாரமிழந்தது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. ஊரின் முதுகைக் காக்கும் வேலை ஊராரிடமிருந்து சம்பளக்காரரிடம் போயிற்று. கொள்ளைக்கு அஞ்சிய எளிய குடியானவனுக்கு இது நன்மையும்தான். பழைய காவல்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. காவல்கூலி தராத ஊரில் களவு நடந்ததும் உண்டு.

1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம். குடகர்களுக்குக் கிடைத்த தனி விலக்கு வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. தேசம் முழுவதையும் ஆயுதமற்றதாக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கரிய செயலாக வரலாறு கருதும் என்று எழுதியவர், வேறு யாருமல்லர், காந்தியடிகள். 1918இல் படைக்கு ஆள் சேர்க்க வேண்டி எழுதிய துண்டறிக்கையில். இலக்கிய வாசகர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே 1878இல், அதே லிட்டனால் வந்ததுதான். அந்த லிட்டன் ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் நீங்கிற்று. ஆயுதச் சட்டம் 1959இல் புதுச் சட்டம் இயற்றப்படும் வரை இருந்தது.

மோகனூரில் காவல்துறையில் பணியாற்றிய ஒருவரின் மகனாக 1888இல் பிறந்த நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை, 1930இல் இராஜாஜியின் வேதாரணிய யாத்திரைக்காகக் கத்தியும் குருதியும் இல்லாத போரைப் பாடினார். அதே கவிஞர்தான் ‘மலைக்கள்ளன்’ நாவலையும் எழுதினார். படைக்கலமே வேண்டாம் என்ற பாடலும், எத்திசையிலிருந்தும் தோன்றி மறையும் கள்ளனின் கதையும் ஒரே பேனாவிலிருந்து பிறந்ததில் நமக்கு முரண்பாடு தெரியவில்லை. ஆயுதம் பறிக்கப்பட்ட நிலத்தில் இவ்விரண்டு கனவுகளும் அருகருகே இருப்பவைதாம்.

இன்று கைத்துப்பாக்கியை ஏந்தும் காவலர்களும் அதிரடிப் படையினரும் பல திசைப் பகைக்கு எதிரான பயிற்சியைச் செய்கிறார்கள். அதன் இலக்கணத்தைக் கேட்டால் சிலம்ப ஆசான் புன்னகைப்பார். தலை முதலில் திரும்ப வேண்டும். கண் பகையைக் கண்டு அது பகைதான் என்று தெளிய வேண்டும். பிறகு கால் திரும்ப வேண்டும். துப்பாக்கி கடைசியில் எழ வேண்டும். திரும்பும்போதே துப்பாக்கியை நீட்டினால், நடுவில் நிற்கும் தோழனோ வழிப்போக்கனோ குழலின் முன்னே வந்துவிடுவான். இப்பயிற்சியின் பெரிய இடர் இடம். துப்பாக்கி சுடும் தளங்கள் பொதுவாக ஒரே பக்கம் நோக்கியவை. எதிரே குண்டைத் தாங்கும் மண்மேடு, பின்னே பார்வையாளர். எல்லோரும் ஒரு திசையில் சுட்டால்தான் எல்லோருக்கும் பாதுகாப்பு. எனவே பெரும்பாலோர் பழகுவது எதிர்நின்ற அசையாத பலகையைத்தான். புறநானூற்றுப் போர்க்களத்துக்கும் இத்தளத்துக்கும் உள்ள ஒற்றுமை நம்மைச் சில நேரம் சிரிக்க வைக்கிறது.

உரிமம் பெற்ற குடிமக்களின் நிலை வேறு. காட்டுப்பன்றிக்கு அஞ்சி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் மலையடிவார விவசாயி, தேர்தல் அறிவிக்கப்பட்டதும் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், இங்குள்ளவை மாலை சூட்டி நெய் பூசிக் காவல் வீட்டில் இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். தகடூர்க்காரர்களின் வழிவந்த நம் படைக்கலங்கள் இப்போது தொண்டைமானின் கொட்டிலில்தான் இருக்கின்றன. அவை அங்கேயே இருப்பதில் நமக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அவற்றுக்கு முன்பிருந்த கம்பைப் பற்றியது.

ஆடி 18இல் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவும், அதே நாளில் சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் சின்னமலை நினைவுநாளும் நடக்கின்றன. ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. குறி எதிரே இருக்கும். சிலம்பம் இப்போது பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் போட்டி என்று வரும்போது, ஒரு வட்டத்துக்குள் இருவர் மட்டும், நேருக்கு நேர். தனி ஆட்டமாக ஆடும் அலங்கார வரிசையில் வீடு கட்டுதல் இருக்கிறது. அங்கே அது நடுவருக்குக் காட்டும் அழகு. முதுகுக்குப் பின்னே உண்மையில் யாரும் நிற்பதில்லை.

ராசிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், களத்துமேட்டில் மாலையில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லித்தரும் முதியவர் ஒருவரிடம் மட்டும் நாம் வேறு முறையைக் கண்டோம். சட்டையில்லாமல் ஒரு பையனை நடுவில் நிறுத்தி, மூவரைச் சுற்றிலும் நிறுத்துகிறார். மூவரின் கம்பு நுனியிலும் துணி சுற்றி நனைத்த சாம்பல் பூசியிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் எத்தனை பொட்டு என்று எண்ணுகிறார். மார்பில் விழுந்தவற்றை அவர் எண்ணுவதில்லை.